வினவுபவர் யார்? சிறார்க்கு விவிலியக் கதை படித்துக்காட்டும் மரபும் தமிழ்ச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

சிறார்க்கான விவிலியக் கதைநூல்கள் தொடக்கத்தில் அவர்கள் தாமே படிப்பதற்காக அன்றி, பிறர் படித்துக்காட்டக் கேட்பதற்காகவே ஆக்கப்பட்டன. கேட்டல் முடிந்தபின் எழும் வினாவை யார் கேட்பது என்பதில் காலந்தோறும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. யூதர்களின் பாஸ்கா இரவில் பிள்ளை கேட்டது. 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பள்ளியில் ஆசிரியர் கேட்டார். யோகான் ஹ்யூப்னரின் 1714ஆம் ஆண்டுக் கதைநூலை நடுவாகக் கொண்டு இம்மாற்றத்தை ஆராயும் இக்கட்டுரை, மனனத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்த தமிழ்த் திண்ணைப்பள்ளிச் சூழலில் அம்முறை எவ்வாறு பொருந்தியது என்பதையும், ஆறுமுக நாவலரிடத்தில் அது அடைந்த திருப்பத்தையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விவிலியக் கதை, படித்துக்காட்டல், வினா-விடை, திண்ணைப்பள்ளி, தரங்கம்பாடி, ஹ்யூப்னர், ஆறுமுக நாவலர்

முன்னுரை

பழைய ஏற்பாட்டில் சிறார்க்குக் கதை சொல்லுதல் பற்றிய குறிப்புகள் பலவும் ஒரு வினாவோடு பிணைந்தே வருகின்றன. பாஸ்கா விழாவை ஏன் கொண்டாடுகிறோம் என்று பிள்ளைகள் கேட்கும்போது சொல்லவேண்டியதை யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் வகுத்துரைக்கிறது. யோசுவா நூலின் 4ஆம் அதிகாரத்தில் யோர்தான் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட பன்னிரண்டு கற்கள் கரையில் நாட்டப்படுகின்றன. இக்கற்கள் எதற்கு என்று பின்னாளில் பிள்ளைகள் கேட்கவேண்டும் என்பதே அவற்றை நாட்டியதன் நோக்கம். வினாவை எழுப்புவதற்காகவே ஒரு நினைவுச்சின்னம் அமைக்கப்படுகிறது என்பது கருதத்தக்கது.

பொ.ஆ. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா, பாஸ்கா இரவு விருந்தில் இரண்டாம் கிண்ணம் நிரப்பப்பட்டதும் மகன் தந்தையை வினவவேண்டும் என்கிறது. வினவும் அறிவு மகனுக்கு இல்லையெனின் எவ்வாறு வினவுவது என்பதைத் தந்தையே கற்பிக்கவேண்டும் என்றும் கூறுகிறது. இரபி அகிபா அவ்விரவில் சிறார்க்கு வறுத்த தானியமும் கொட்டைப்பருப்பும் கொடுத்து வந்ததாகத் தால்முது குறிப்பிடுகிறது. அவர்கள் உறங்கிவிடாமல் விழித்திருந்து வினவவேண்டும் என்பதே காரணம். பின்னர் நிலைபெற்ற பாஸ்காச் சடங்குநூலான ஹகதாவில் நால்வகைப் பிள்ளைகள் பேசப்படுகின்றனர். அவர்களுள் நான்காம் பிள்ளைக்குக் கேட்கவே தெரியாது. அவனுக்காகப் பேச்சைத் தந்தையே தொடங்கவேண்டும். கதை கேட்கும் சிறாரை வகைப்படுத்திய மிகப் பழைய முயற்சிகளுள் இதுவும் ஒன்று. பிள்ளை எவ்வாறு விடையளிக்கிறது என்பதைக் கொண்டு அவ்வகைப்பாடு அமையவில்லை. எவ்வாறு வினவுகிறது என்பதைக் கொண்டே அமைந்துள்ளது.

இதற்கு நேர்மாறான காட்சியை 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பள்ளிகளில் காண்கிறோம். அங்கே கதை முடிந்ததும் வினவுபவர் ஆசிரியர். விடை சொல்பவர் பிள்ளை. இம்மாற்றம் கற்பித்தல் உத்தியைப் பற்றியது மட்டுமன்று. கதையின் பொருளை உறுதிசெய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் அது காட்டுகிறது. சிறார்க்கான விவிலிய நூல்களை ஆராய்வோர் அவற்றின் படங்கள், மொழிநடை, கதைத் தேர்வு ஆகியவற்றில் செலுத்தும் கவனத்தை இவ்வினாக்களின் திசையிலும் செலுத்துதல் வேண்டும்.

எழுத்தறிவுக்கு முந்திய கேட்டல்

சீர்திருத்தத் திருச்சபையினரின் முதல் சிறார் விவிலியம் என்று அடிக்கடி சுட்டப்படுவது, மார்ட்டின் லூதர் 1529இல் தம் செபநூலோடு சேர்த்து வெளியிட்ட படத்தொகுதியாகும். ஏறத்தாழ ஐம்பது மரச்செதுக்குப் படங்களும் அவற்றோடு சுருக்கமான விவிலியப் பகுதிகளும் கொண்ட இத்தொகுதியைச் சிறார்க்காகவும் எளிய மக்களுக்காகவும் அமைத்ததாக லூதரே காரணம் கூறியுள்ளார். படத்தைப் பிள்ளை பார்க்கும். அருகிலுள்ள சொற்களைப் பெரியவர் படிப்பார். அதே ஆண்டில் வெளிவந்த அவருடைய சிறிய ஞானோபதேசம் குடும்பத்தலைவரை முன்னிலைப்படுத்தி எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் 'இதன் பொருள் என்ன' என்னும் வகையிலான வினா வருகிறது. அவ்வினா பிள்ளையின் வாயிலிருந்து வருவதா, தந்தையின் வாயிலிருந்து வருவதா என்பதை நூலின் அமைப்பைக் கொண்டு மட்டும் துணிய இயலாது. பிள்ளை கேட்பதாகவும் அதைப் படிக்கலாம். ஆனால் நடைமுறையில் அது தேர்வாளரின் வினாவாகவே நிலைத்தது.

வீட்டில் நிகழ்ந்த கேட்டலுக்குச் சான்றுகள் குறைவு. எழுதப்படாத செயல்களின் வரலாற்றில் இக்குறை இயல்பே. எனினும் இங்கிலாந்தின் சமயப்பாடல் ஆசிரியரும் போதகருமான பிலிப் டாட்ரிட்ஜ் (1702–1751) பற்றிய செய்தி ஒன்று குறிப்பிடத்தக்கது. அவர் எழுத்துக் கற்பதற்கு முன்பே, வீட்டுக் கணப்படுப்பைச் சுற்றிப் பதிக்கப்பட்டிருந்த டச்சு ஓடுகளில் தீட்டப்பட்ட விவிலியக் காட்சிகளைக் காட்டி அன்னை அவருக்குப் பழைய, புதிய ஏற்பாட்டு வரலாறுகளைக் கற்பித்தார் என்று அவருடைய மாணவர் ஜாப் ஆர்ட்டன் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஓடுகளின் வரிசையே அங்குப் பாடநூல். எந்த ஓட்டைச் சுட்டிக் கேட்பது என்பதைப் பிள்ளையின் கண்ணும் தீர்மானித்திருக்கக்கூடும். அச்சிட்ட வினாப்பட்டியலில் இவ்வுரிமைக்கு இடமில்லை.

ஹ்யூப்னரின் நூலும் மூன்று ஆற்றல்களும்

யோகான் ஹ்யூப்னர் (1668–1731) ஹாம்பர்க் நகரின் யோகானேயம் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். நிலவியல், வரலாறு ஆகியவற்றுக்கும் வினா-விடை வடிவில் பாடநூல்கள் எழுதியவர். 1714இல் லைப்சிக் நகரில் வெளிவந்த அவருடைய விவிலியக் கதைநூல் பழைய ஏற்பாட்டிலிருந்து 52, புதிய ஏற்பாட்டிலிருந்து 52 என 104 கதைகளைக் கொண்டது. ஆண்டின் வாரக்கணக்கு இவ்வெண்ணிக்கையில் வெளிப்படையாகவே தெரிகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டு, பல மொழிகளில் பெயர்க்கப்பட்ட இந்நூலே ஜெர்மன் மொழி வழங்கிய பகுதிகளில் சிறார் விவிலியக் கல்வியின் அச்சாக விளங்கியது.

இதன் தனிச்சிறப்பு, கதைகளைக் காட்டிலும் கதைகளுக்குப் பின் வரும் பகுதிகளிலேயே உள்ளது. ஒவ்வொரு கதையையும் தொடர்ந்து மூன்று உறுப்புகள் வருகின்றன: தெளிவான வினாக்கள், பயனுள்ள படிப்பினைகள், பக்திச் சிந்தனைகள். முதலாவது நினைவாற்றலுக்கு உரியது; இரண்டாவது அறிவுக்கு உரியது; மூன்றாவது மனவிருப்பத்துக்கு உரியது. மனித உள்ளத்தின் மூன்று ஆற்றல்களையும் ஒரே கதையைக் கொண்டு பயிற்றலாம் என்பது ஹ்யூப்னரின் கொள்கை. பக்திச் சிந்தனைகள் செய்யுளாக அமைந்திருப்பதையும் கவனிக்கவேண்டும். கதை உரைநடையில் வருகிறது. மனத்தில் நிற்கவேண்டியது யாப்பில் வருகிறது.

கதையை உரக்கப் படிக்கவேண்டும், ஏனையோர் கேட்கவேண்டும், பின்னர் ஆசிரியர் வினாக்களைத் தொடுக்கவேண்டும் என்பதே இம்முறையின் ஒழுங்கு. ஒரு வகுப்பில் நூற்படிகள் மிகச் சிலவே இருந்த காலத்தில் உரக்கப் படித்தல் தவிர்க்க முடியாததாகவும் இருந்தது. வினாக்கள் கதையின் தொடர்களை அவற்றின் வரிசையிலேயே பின்பற்றுபவை. யார் செய்தார், எங்கே சென்றார், அதன்பின் என்ன நேர்ந்தது என்னும் வகையினவான அவ்வினாக்களுக்குரிய விடை முழுவதும் சற்றுமுன் காதில் விழுந்த தொடரிலேயே இருக்கும். செவியை ஊன்றிக் கேட்ட பிள்ளை விடை கூறும். கேளாத பிள்ளை உடனே வெளிப்பட்டுவிடும். ஆகவே இவ்வினாக்கள் முதன்மையாகக் கேட்டலைச் சோதிக்கும் கருவிகளே. கதையை ஐயுறவோ விரித்துணரவோ தூண்டுவது அவற்றின் வேலை அன்று.

இம்முறையை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என்று ஒதுக்குவது எளிது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்விச் சீர்திருத்தவாதிகள் அவ்வாறே ஒதுக்கினர். ஆனால் அக்குற்றச்சாட்டு ஒன்றைக் காணத் தவறுகிறது. ஞானோபதேசத்தின் வினாவுக்கு விடை அச்சிட்டபடியே சொல்லப்படவேண்டும். அதில் ஒரு சொல்லும் மாறுதல் கூடாது. ஹ்யூப்னரின் வினாவுக்கு நூலில் தனியாக விடை அச்சிடப்படுவதில்லை. கதைக்குள்ளிருந்து அதைப் பிள்ளையே எடுத்துச் சொல்லவேண்டும். அவ்வாறு சொல்லும்போது பெயரும் வினைமுற்றும் இடம் மாறும். தொடர் சற்றே உருமாறும். கோட்பாட்டை ஒப்புவித்தலுக்கும் கதையை எடுத்துரைத்தலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. சிறாரின் சொந்த வாய்மொழிக்கு ஹ்யூப்னர் திறந்த வாயில் குறுகியதுதான். ஆயினும் அது திறந்திருந்தது.

அந்நூலுக்கு மாற்றாக யோகான் பீட்டர் ஹேபெல் 1824இல் வெளியிட்ட விவிலியக் கதைகள் வேறு வழியில் சென்றன. பஞ்சாங்கக் கதைகளால் புகழ்பெற்றிருந்த ஹேபெல் வினாப்பட்டியலை விட்டுவிட்டு, கதைசொல்லியின் பேச்சோட்டத்தையே நூலின் நடையாக்கினார். படிப்பவர் வாயில் எழுத்து பேச்சாக மாறவேண்டும் என்னும் நோக்கம் அவருடைய தொடர்களின் அமைப்பில் புலனாகிறது. வினா ஆசிரியரின் கையிலிருந்து கதைசொல்லியின் குரலுக்குள் இடம்பெயர்ந்தது எனலாம். ஆனால் அப்போதும் அது பிள்ளையிடம் திரும்பிச் செல்லவில்லை.

தமிழ்க் கடற்கரையில்: மணியும் மணலும்

தமிழகத்தில் இம்மரபுக்கு முன்வரலாறு ஒன்று உண்டு. 1542ஆம் ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார் 1544 சனவரியில் உரோமையிலிருந்த தம் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் தம் நடைமுறையை விரித்துரைக்கிறார். செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து அவற்றைத் தாமே மனனம் செய்துகொண்டார். கையில் மணியோடு ஊர் முழுதும் நடந்து சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். நாளுக்கு இருமுறை அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். கற்றதைத் தாய்தந்தையர்க்கும் வீட்டார்க்கும் அயலார்க்கும் கற்பிக்குமாறு சிறுவர்களைப் பணித்தார். இங்குச் சொல்லப்பட்டவை கதைகள் அல்ல. விசுவாச அறிக்கை, கட்டளைகள், செபங்கள் ஆகியனவே. ஆயினும் செவிவழி பெற்ற சமயச் சொற்களை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்டது. பாஸ்கா இரவின் ஒழுங்கை இது தலைகீழாக்குகிறது: தந்தை கேட்கிறார், பிள்ளை சொல்கிறது.

சவேரியாருக்குப் பின் அப்பணியை ஏற்ற அன்றீக்கே அடிகளார் 1578இல் தம்பிரான் வணக்கத்தையும் 1579இல் கிரிசித்தியானி வணக்கத்தையும் அச்சிட்டார். பின்னது மார்க்கோசு யோர்சு போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம். சிறார்க்குக் கற்பிப்பதற்காக உரையாடல் வடிவில் ஆக்கப்பட்டது என்பதை மூலநூலின் தலைப்பே அறிவிக்கிறது. மூலத்தில் வினவுபவர் ஆசான். அதே மூலத்தை ஒட்டி சப்பானில் இயேசு சபையினர் ஆக்கிய நூலில் சீடனே வினவுகிறான், ஆசான் விடையளிக்கிறார். ஆசானைச் சீடன் அணுகிக் கேட்டல் என்னும் கீழைமரபுக்கு அவர்கள் இடம்கொடுத்தனர் என்று இதனைக் கொள்ளலாம். வினாவின் திசை மாறத்தக்கது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அன்றீக்கே 1586இல் வெளியிட்ட அடியார் வரலாறு உரைநடையில் அமைந்த புனிதர் கதைகளின் பெருந்தொகுதி. தமிழில் அச்சேறிய சமயக் கதையுரைநடையின் தொடக்கம் அதுவே.

1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழ் கற்ற வகை பலராலும் எழுதப்பட்டுள்ளது. உள்ளூர் உபாத்தியாயர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். இச்செய்தி பொதுவாக அவருடைய பணிவுக்கு எடுத்துக்காட்டாகவே சுட்டப்படுகிறது. ஆனால் அதனால் அவர் தமிழ்ப் பிள்ளைகள் எவ்வாறு கேட்கிறார்கள் என்பதையும் உடனிருந்து கற்றார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகிய மூன்றையும் 1708இல் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். பள்ளியில் ஓதப்பட்ட நூல்களின் இயல்பை அவர் நன்கறிந்திருந்தார் என்பதற்கு அதுவே சான்று.

திண்ணைப்பள்ளியின் கேட்டல்முறை ஜெர்மானியப் பள்ளியின் முறையிலிருந்து அடிப்படையிலேயே வேறானது. சட்டாம்பிள்ளை ஓர் அடியைச் சொல்ல ஏனையோர் ஒருமித்த குரலில் திருப்பிச் சொல்வர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் நிகண்டும் எண்சுவடியும் இவ்வாறே நெஞ்சில் ஏறின. பொருள் விளக்கம் பிற்பாடு, பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். அப்பள்ளியில் வினாவுக்கு இடமில்லை. ஆசிரியரும் பொருள் குறித்துக் கேட்பதில்லை, மாணவரும் கேட்பதில்லை. சரியாக ஒப்புவித்தலே விடை. கதை பள்ளிக்கு வெளியில் இருந்தது: பாட்டியின் வாயில், கூத்துக்களத்தில், கோயிலில் புராணம் படிக்கும் இடத்தில். பள்ளியில் சிறார் கேட்டது செய்யுள், கதையன்று.

இச்சூழலில் விவிலிய உரைநடைக் கதை பள்ளிக்குள் நுழைந்தது. நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் தரங்கம்பாடியில் அச்சாயின. புதிய ஏற்பாடு முழுவதும் 1715இல் நிறைவுற்றது. ஹ்யூப்னரின் நூல் வெளிவந்த ஆண்டும் 1714ஆக இருப்பது தற்செயல். ஆனால் தரங்கம்பாடிப் பணியாளர்களை உருவாக்கிய ஹாலே நகரப் பிராங்கே நிறுவனங்களின் கல்விச் சூழலும், ஹ்யூப்னர் இயங்கிய சூழலும் ஒரே காலத்தின் விளைவுகள். படித்துக்காட்டி வினவுதல் என்னும் பழக்கம் இருவர்க்கும் பொதுவானது. தரங்கம்பாடிப் பள்ளிகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் மணலில் எழுதினர். ஓலையில் எழுத்தாணி பிடித்தனர். ஞானோபதேசத்தை உரத்து ஓதினர். வேதவசனம் படிக்கப்படக் கேட்டனர். கேட்டது பற்றி வினவப்பட்டனர். கடைசிச் செயலைத் தவிர ஏனையவை அனைத்தும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழகியவையே. புதியது வினா ஒன்றுதான்.

உரைநடையை மனனம் செய்தல் கடினம். எதுகை, மோனை, அடிவரையறை ஆகிய பற்றுக்கோடுகள் அதில் இல்லை. ஆகவே உரைநடையாகக் கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லும் தமிழ்ப் பிள்ளை, விரும்பினும் விரும்பாவிடினும், தன் சொற்களையே நாடவேண்டியிருந்தது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை அச்சுப்பொறி, அரசு நிருவாகம், இதழியல் ஆகியவற்றோடு இணைத்துப் பேசும் வரலாறுகளில் பிள்ளையின் இத்திணறலுக்கும் ஓரிடம் அளிக்கப்படவேண்டும். ஒப்புவிக்க இயலாத ஒன்றை எடுத்துரைக்கும் கட்டாயம் அங்கே தோன்றியது.

சொல்வழக்கிலும் ஒரு தயக்கம் தென்படுகிறது. தமிழில் 'கதை' என்னும் சொல் பொய்யையும் குறிக்கும். கதை அளத்தல், கதை கட்டுதல் என்னும் வழக்குகள் இதற்குச் சான்று. எனவே கிறித்தவத் தமிழில் 'வேத சரித்திரம்' என்னும் வழக்கு விவிலியக் கதைகளுக்கு உரியதாக நிலைபெற்றது. பிள்ளைக்கு மட்டும் அது கதையாகவே இருந்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

தமிழ்ப் பள்ளியின் கேட்டல்முறை மேற்கே சென்றதற்கும் சான்று உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரு பெல், குதிரையில் செல்லும்போது உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திலும் புகுத்தினார். ஆசிரியர்கள் இணங்காதபோது எட்டு வயதுச் சிறுவன் பிரிஸ்கனை எழுத்து வகுப்புக்குக் கற்பிப்பவனாக அமர்த்தினார். 1797இல் இலண்டனில் அவர் இதுபற்றி வெளியிட்ட அறிக்கையிலிருந்து 'மதராஸ் முறை' தோன்றியது. மணலில் எழுதுவதை உள்ளூர்ப் பள்ளியிலிருந்து பெற்றதாக ஒப்புக்கொண்ட பெல், பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பித்தலைத் தம் கண்டுபிடிப்பு என்றார். சட்டாம்பிள்ளையை அறிந்த தமிழர் எவரும் இக்கூற்றைத் தயக்கத்தோடுதான் ஏற்பர்.

1811இல் தொடங்கப்பட்ட இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியச் சங்கம் பெல்லின் முறையை ஏற்றது. அதன் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் விவிலியப் பகுதிகளைக் கேட்டது பெரும்பாலும் தம்மைவிடச் சற்றே மூத்த பிள்ளையின் வாயிலிருந்துதான். அவருக்குப் போட்டியாக விளங்கிய ஜோசப் லங்காஸ்டர் பாடங்களைப் பேரெழுத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டி, ஒரே தாளைப் பல பிள்ளைகள் சூழ நின்று படிக்கச் செய்தார். இரண்டிலும் வினாக்கள் சட்டாம்பிள்ளைக்கு முன்கூட்டியே கொடுக்கப்பட்டவை. பிள்ளை பிள்ளையை வினவியது உண்மை. ஆனால் வினா பிள்ளையுடையது அன்று.

யாழ்ப்பாணத்தில் வினா திரும்பியது

யாழ்ப்பாணத்தில் கேட்டலுக்கு ஏற்கெனவே உறுதியான வடிவம் ஒன்று இருந்தது. கோயில்களில் நிகழும் புராண படனத்தில் ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். கந்தபுராணம் இவ்வாறு ஆண்டுதோறும் படிக்கப்பட்டது. இருகுரல் கொண்ட இவ்வமைப்பில் சிறாரும் பெரியோரோடு அமர்ந்து கேட்டனர். செய்யுளை உரைநடையாக்கிப் பொருள்படுத்தும் பணி, பயன் சொல்பவரின் வாயில் அவ்விடத்திலேயே நிகழ்ந்தது.

நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் இவ்விரு கேட்டல்முறைகளையும் அறிந்தவர். இளமையில் வெஸ்லியன் மிசனின் பள்ளியில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பணிபுரிந்தார்; பீட்டர் பெர்சிவலின் விவிலியத் தமிழாக்கத்தில் துணைநின்றார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வாரந்தோறும் தொடர்ந்த அப்பிரசங்கம் பயன் சொல்லலிலிருந்து பிறந்தது. மிசனரிகளின் வேதப்பிரசங்கத்திலிருந்தும் பிறந்தது. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். பயன் சொல்பவர் இல்லாத வீட்டிலும் ஒருவர் படிக்கப் பிள்ளைகள் கேட்கக்கூடிய நூலாக அடியார் கதை முதன்முறையாக அமைந்தது. பாலபாட நூல்கள் அதனைப் பள்ளிக்குள் கொண்டுவந்தன.

இவ்விடத்தில் 1854இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரத்தை வேறு கோணத்தில் நோக்கவேண்டும். கோயில், தீபம், நிவேதனம், தூய்மைச் சடங்கு ஆகியவற்றை மிசனரிகள் இகழ்ந்தபோது, எருசலேம் தேவாலய வழிபாட்டுக்குப் பழைய ஏற்பாடு விதித்தவற்றை எடுத்துக்காட்டி, அவற்றுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு என்ன என்று அந்நூல் கேட்கிறது. சமய வாதநூல் என்ற அளவிலேயே இது ஆராயப்பட்டு வந்துள்ளது. கேட்டலின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால், படித்துக்காட்டி வினவப்படும் இடத்தில் அமர்த்தப்பட்டிருந்த மாணவர் மரபிலிருந்து ஒருவர் எழுந்து, அதே கதைகளைக் கொண்டு ஆசிரியரை வினவிய நிகழ்வாக இது தோன்றும். விடையை மட்டும் எதிர்பார்த்த வினாமுறை, கேட்டவற்றை நினைவில் தொடர்வரிசையோடு நிறுத்திக்கொள்ளும் பயிற்சியையும் தந்திருந்தது. அப்பயிற்சி யாருக்கு எப்போது பயன்படும் என்பதை ஆசிரியர் தீர்மானிக்க இயலாது.

மிசன் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் அனைவரும் நாவலர் அல்லர். பெரும்பாலோர் வினவியபோது விடை சொல்லிவிட்டு வீட்டுக்குச் சென்றனர். வீட்டில் அக்கதைகளை எவ்வாறு எடுத்துரைத்தனர், அங்கிருந்த பாட்டிமார் என்ன கேட்டனர் என்பன எந்த ஆவணத்திலும் ஏறாதவை. மிசன் அறிக்கைகள் சரியான விடைகளையே பதிவுசெய்யும் இயல்பின. பிள்ளையின் வினா அவற்றில் இடம்பெறும்போது, அது பெரும்பாலும் பெரியவர்க்கு உவப்பான வினாவாகவே இருக்கிறது. அவற்றைச் சான்றாகக் கொள்வோர் இவ்வடிகட்டலை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சிறார்க்காகவே நாவலர் ஆக்கிய சைவ வினாவிடை உலகுக்குக் கருத்தா யார் என்னும் வினாவோடு தொடங்குகிறது. அவ்வினாவுக்கும் அதைத் தொடரும் வினாக்கள் அனைத்துக்கும் விடைகள் அச்சிலேயே உள்ளன. அவற்றைக் கேட்பவர் ஆசிரியர். ஒரு சொல்லும் மாறாமல் ஒப்புவிப்பவர் பிள்ளை.